வாப்பாவின் பெயரில் வரும் சோலைவரி

இன்றைக்குச் சோலைவரி கட்டிவிட்டு வந்தேன். ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் நூற்றுக்குப் பத்து கழிவு. தவறவிட்டால் ஒவ்வொரு காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் நூற்றுக்கு ஐந்து. தெரியாதவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். வாத்தியார் புத்தி, எதையும் சொல்லிக்கொடுக்காமல் விடாது.

பற்றுச்சீட்டு எழுதிய தங்கச்சி கேட்டா, "சேர், இன்னும் வாப்பான்ர பேரிலதானே கிடக்கு, மாத்தேல்லையோ?" சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்குள் இருக்கிற கதையைத்தான் எழுதப்போகிறேன்.

1990 ஒக்டோபர் 30. சோனகத் தெருவிலிருந்து எங்களை வெளியேறச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். உம்மா ஒரு லக்ஸ்பிறே டின்னுக்குள் நகையையும் காணி உறுதியையும் வைத்து எடுத்துவந்தா. ஐந்துசந்தியில் சோதித்தபோது டின் அப்படியே போய்விட்டது. என் புத்தகப்பையை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. அதற்குள் தேர்ச்சி அறிக்கை. அதன் மடிப்புக்குள் 1989ஆம் ஆண்டின் சோலைவரிப் பற்றுச்சீட்டு. வாப்பா கையெழுத்துப் போட அறிக்கையை எடுத்த நாளில் அதை அதற்குள்ளேயே வைத்து மறந்திருக்கிறார்.

வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம். நாங்களும் அங்கேதான். கிடுகுக் கொட்டில், உலர் உணவு நிவாரணம். ஒவ்வொரு வருடமும் கிடுகு மாற்றுவதுதான் எங்கள் வீட்டுக்கான செலவு. வாப்பா 1998இல் அங்கேயே மவுத்தானார். அந்தச் சீட்டை அவர் அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார்.

2011இல் இடமாற்றம் எடுத்து யாழ்ப்பாணம் வந்தேன். எங்கள் வளவில் நான்கு சுவர் நின்றது. ஓடு, கதவு, நிலை ஒன்றுமில்லை. அறைக்குள் ஓர் அரசமரம். ஆகவே வாடகைக்கு ஒரு அறை. சம்பளத்தில் மூன்றில் ஒன்று வாடகைக்கே போனது.

அந்தக் காலத்தில்தான் வீட்டுத்திட்டங்கள் வந்துகொண்டிருந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய். பணம் அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வரும். நாங்களே கட்டவேண்டும். உம்மாவின் பெயரில் ஒரு திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். விதவை என்பதால் புள்ளி கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பார்க்க வந்த அலுவலர் நல்ல மனிதர்தான். "சேர், அம்மா இஞ்ச இருக்கிறாவோ?" உம்மா புத்தளத்தில் ராத்தாவுடன் இருந்தா, சீனி வருத்தத்துக்கு கிளினிக் அங்கேதான். இரண்டாம் முறை வந்தபோதும் உம்மா இல்லை. கோப்பில் 'நிரந்தரமாக வசிக்கவில்லை' என்று எழுதப்பட்டது. நான் வாடகைக்கு இருப்பதும் எங்களுக்கு எதிராகவே போனது. வாடகை கட்ட முடிந்தவனுக்கு வீடு அவசரமில்லையாம். வீடு இல்லாததால்தானே வாடகைக்கு இருக்கிறேன் என்றேன். "கொட்டில் போட்டு இருக்கிறவைக்குத்தான் முதலிடம்" என்றார்.

இதை உம்மாவிடம் சொல்லியிருக்கக்கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினா. கையில் ஒரு பாய், மருந்துப் பை. "தறப்பாளைக் கட்டு, நான் இருக்கிறன்." அறுபத்திரண்டு வயது. மாரிகாலம். அந்த நான்கு சுவருக்குள் மூன்று மாதம் இருந்தா. பக்கத்து வளவு அக்கா இரவில் துணைக்கு வந்து படுப்பா. நான் பாடசாலை முடிந்து போகும்போதெல்லாம் உம்மாவின் கால் வீங்கியிருக்கும். வாடகை அறைக்கு வரச்சொன்னால் வரமாட்டா, "இண்டைக்கு அவங்க வந்தா?" என்பா. ஒரு வீட்டுக்காக உம்மாவை இழந்துவிடுவேனோ என்று நான் பயந்த மூன்று மாதம் அது.

உறுதி இல்லாத பிரச்சினை வேறு. அந்தச் சீட்டு இங்கேதான் உதவியது. ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன், சோலைவரிச் சீட்டு காணி உரிமைக்கு அத்தாட்சி அல்ல. யார் வரி கட்டினார் என்பதை மட்டும்தான் அது காட்டும். ஆனால் அதிலிருந்த ஆதன இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு பழைய நொத்தாரிசு யார் என்று விசாரித்து, காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி எடுத்தோம். உறுதியைத் தொலைத்தவர்கள் மனம் தளரவேண்டாம், உறுதி இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ தெரிந்தால் தேடலாம்.

எங்கள் வளவில் வேறு யாரும் குடியிருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அப்படி இருந்தவர்களின் கதை வேறு. பத்து வருடம் தடையின்றி ஆண்டவருக்கு ஆட்சியுரிமை என்கிறது 1871ஆம் ஆண்டுச் சட்டம். துரத்தப்பட்டவன் எப்படித் தடை சொல்வான்? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அப்படிப்பட்டவர்களுக்கு எதிராகக் கணக்கில் எடுக்காமல் விட்டது. ஆனால் வழக்குப் போட இரண்டே வருட அவகாசம். புத்தளத்தில் எத்தனை பேர் காதுக்கு அது போய்ச் சேர்ந்தது?

பட்டியலில் உம்மாவின் பெயர் வந்தது. வீடு முடிந்ததும் உம்மா முதலில் கேட்டது சோலைவரி எங்கே கட்டுவது என்றுதான். தானே போய்க் கட்டினா. மவுத்தாகும் வரைக்கும் வருடா வருடம் தானே போனா.

பெயர் மாற்றும் படிவம் என் மேசை லாச்சிக்குள் நான்கு வருடமாகக் கிடக்கிறது. மாற்றாமல் விட்டால் நாளைக்குப் பிள்ளைகளுக்குத்தான் சிக்கல். நீங்கள் என்னைப்போல் இருக்கவேண்டாம், மாற்றிவிடுங்கள். எனக்கு மட்டும், தபால்காரர் வாசலில் நின்று வாப்பாவின் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஒரு கடிதத்துக்காகத்தான்.