அப்பாவுக்கு எந்தக் கை?

உங்க அப்பா கல்லை எந்தக் கையால் எறிவார்? யோசிக்காமல் பதில் சொல்ல முடிந்தால் நீங்கள் கில்லாடி. எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆச்சு பாஸ்!

மேட்டர் இதுதான். பத்திரிகை வேலையில் கிடைத்த முதல் காசில் அப்பாவுக்கு ஏதாவது வாங்கித் தரணும். அப்பா போன வருஷம் ரிட்டையர் ஆன அரசு பஸ் கண்டக்டர். செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரை ஊரில் பிறந்தவர். மூங்கில் கழியும் தவளையுமாக விரால் பிடித்தே வளர்ந்தவர். ஒருநாள் யூடியூபில் பசங்க பெய்ட்காஸ்டிங் ரீல் மாட்டி ரப்பர் தவளையை எறிந்து விரால் பிடிப்பதைப் பார்த்தவர், "நல்லாருக்கேடா..." என்று முணுமுணுத்தார். எதையுமே கேட்காத மனுஷன். அவ்ளோதான், ஃபிக்ஸ் ஆகிட்டேன்.

சென்னையில் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "லெஃப்ட்டா, ரைட்டா தம்பி?"

"கைப்பிடியைக் கழட்டி மாத்திக்க முடியாதாண்ணே?"

"அது ஸ்பின்னிங் ரீல்ல. இதுல நடக்காது. மாத்தி வாங்கிட்டா வேற ரீல்தான். ஆமா, அப்பாவுக்கு எந்தக் கை?"

'எழுதுறது வலது, சாப்பிடுறது வலது... ஆனா?' ஏதோ உதைத்தது. "அடுத்த வாரம் வர்றேண்ணே" என்று கிளம்பிவிட்டேன். மூவாயிரத்துச் சொச்சம் சும்மாவா?

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு 'நடக்காது' என்றால் தூக்கம் வருமா? காரணத்தைத் தோண்டினேன். ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியின் அச்சு உடம்பின் குறுக்கே போகிறது. எந்தப் பக்கமும் மாட்டலாம். பெய்ட்காஸ்டரில் பெரிய பல்சக்கரம், சின்னப் பல்சக்கரம், கிளட்ச், ட்ராக் எல்லாமே கைப்பிடி இருக்கும் பக்கத்து மூடிக்குள் அடக்கம். சைக்கிள் செயின் வலது பக்கமே இருக்கிற மாதிரி. ரீலையே திருப்பி மாட்டினால்? கைப்பிடி இடப்பக்கம் வந்துவிடும். நூல் நம்ம மூஞ்சிக்கு நேரா வரும்!

பேரிலும் ஒரு பொறி இருக்கு, கவனம். 'ரைட் ஹேண்ட் ரீல்' என்றால் வலதுகைக்காரர்களின் ரீல் இல்லை. கைப்பிடி வலப்பக்கம் இருக்கும் ரீல். ஷிமானோவில் 150 என்றால் வலது, 151 என்றால் இடது. ஒரு நம்பர்தான் வித்தியாசம்.

இதன் கொள்ளுத்தாத்தா, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற வாட்ச் மேக்கர் செய்த ரீல். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் பல சுற்று சுற்றும். அந்தப் பரம்பரையில் கைப்பிடி வலது பக்கம் என்பது ரொம்ப காலம் எழுதாத சட்டம். அதனால் வலதுகைக்காரர்கள் ஒரு சர்க்கஸ் செய்ய வேண்டியிருந்தது. வலது கையால் எறிய வேண்டும். தவளை பறக்கும்போதே ராடை இடது கைக்கு மாற்ற வேண்டும். பிறகு வலது கையால் சுற்ற வேண்டும். தவளை தண்ணீரைத் தொட்ட நொடியிலேயே விரால் அடித்தால்? நீங்கள் கை மாற்றிக்கொண்டு இருப்பீர்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் பல வலதுகைக்காரர்கள் இப்போது இடப்பக்கக் கைப்பிடி ரீலை வாங்குகிறார்கள்.

ராடு பிடிக்கிற கைக்குத்தான் இங்கே நுணுக்கமான வேலை. எறியும்போது ஸ்பூல் தறிகெட்டுச் சுற்றும். வெளியே போகும் நூலைவிட ஸ்பூல் வேகமாகச் சுற்றினால் எல்லாம் சிக்கிக் குருவிக்கூடு! உள்ளே காந்த பிரேக் வைத்த மாடல்கள் உண்டு. சுழலும் அலுமினிய ஸ்பூலில் எடி கரன்ட் உண்டாகி வேகத்தை இழுத்துப் பிடிக்கும். (பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிய அதே எடி கரன்ட்தான், சாமி!) ஆனாலும் கடைசி பிரேக், ஸ்பூல் மேல் வைக்கிற நம் கட்டைவிரல்.

ஆக, 'அப்பாவின் கெட்டிக்காரக் கை எது?' சி.பி.ஐ. வேலையை ஆரம்பித்தேன். திங்கட்கிழமை: கையெழுத்து, வலது. செவ்வாய்: காலண்டர் மாட்ட ஆணி அடித்தார். சுத்தியல், இடது கையில்! வெள்ளி: பக்கத்து மரத்து மாங்காய்க்குக் கல் விட்டார். இடது. குறி தப்பவில்லை.

"அப்பா, நீங்க லெஃப்ட் ஹேண்டா?"

சிரித்தார். "பொறந்தது பீச்சாங்கைக்காரனாத்தான்டா. ஒண்ணாங்கிளாஸ்ல பல்பத்தை இந்தக் கையில புடிச்சேன். வாத்தியார் ஸ்கேலாலேயே முட்டியில போட்டாரு. சாப்பிடுறப்ப உங்க ஆயா இந்தக் கையை முதுகுக்குப் பின்னால துணியால கட்டிவிட்டுடும். ஒரு வருஷத்துல மாறிட்டேன்."

"எல்லாத்துக்குமா?"

"எழுத, சாப்பிட, காசு குடுக்க. மத்தத யாரு பாக்குறா?"

"அப்போ டிக்கெட்?"

"கிழிக்கிறது பீச்சாங்கை. அப்புறம் சோத்துக்கைக்கு மாத்திக் குடுப்பேன். பீச்சாங்கையில நீட்டுனா ஜனங்க மூஞ்சியைச் சுளிக்கும்ல?"

சாதாரணமாகச் சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் சாதாரணமாக இல்லை. 31 வருஷ சர்வீஸ். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு தடவை கை மாற்றியிருக்கிறார். ஆடுகிற பஸ்ஸில், கூட்டத்துக்கு நடுவில். ரீல்காரர்களுக்குக் கை மாற்றுவது தொல்லை என்றதும், கம்பெனிகள் கைப்பிடியையே இடம் மாற்றி வைத்தன. அப்பாவுக்கு யார் எதை மாற்றி வைத்தார்கள்?

ஆனால் பாருங்க, இங்கேதான் ட்விஸ்ட். அந்தப் பழைய வலப்பக்கக் கைப்பிடி ரீல் இருக்கிறதே, அது இடதுகைக்காரருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை! இடது கையால் எறியலாம், அதே கையில் ராடு இருக்கட்டும், வலது கையால் சுற்றலாம். கை மாற்றவே வேண்டாம். கத்தரிக்கோல், எக்ஸாம் ஹால் பலகை நாற்காலி என்று எல்லாமே வலதுகைக்காரர்களுக்காகச் செய்த உலகத்தில், அவர்களுக்காகவே செய்து இவர்களுக்குப் பொருந்திப்போன ஒரு சாமான்!

ரைட் ஹேண்ட் ரீலையே வாங்கினேன்.

நீங்க வாங்கப் போறீங்கன்னா ஒரு டிப்ஸ். எழுதுற கையைப் பார்க்காதீங்க, கல் எறியிற கையைப் பாருங்க. அந்தக் கையில ராடு, அடுத்த பக்கம் கைப்பிடி. ஆழத்தில் ஓடும் லூரை நாள் பூரா சுற்றுகிறவர்கள், வலுவான கை கைப்பிடியில் இருக்கட்டும் என்று உல்டாவாக வாங்குவதும் உண்டு. ரெண்டையும் கடையிலேயே பிடித்துப் பார்த்துடுங்க.

குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு அப்பாவின் ஊர் ஏரியில் இறங்கினோம். முதல் ஞாயிறு முழுக்கக் குருவிக்கூடுதான். அப்பா பொறுமையாக உட்கார்ந்து சிக்கெடுத்தார். மூன்றாவது ஞாயிறு கட்டைவிரலுக்குக் கணக்கு புரிந்துவிட்டது. அல்லி இலைகளுக்கு நடுவே தவளை 'பொத்'தென்று விழுந்தது. ரெண்டு துள்ளு. 'பளார்!' அப்பா உடனே இழுக்கவில்லை. விரால் வாயை மூட ஒரு மூச்சு விட்டு, வெட்டி இழுத்தார். என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்.

கொக்கியைக் கழற்றி, "இந்தாடா, கெட்டியாப் புடி" என்று நீட்டினார்.

இடது கையால். மாற்றவில்லை. நானும் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.