விடுபட்டவர்களின் இடம்

ஜெர்மானியரான பெர்ட் ஹெலிங்கர் (1925–2019) பாதிரியாராக இருந்து உளச்சிகிச்சைக்கு வந்தவர். அவருடைய ‘ஃபேமிலி கான்ஸ்டலேஷன்’ முறையில், குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் பதிலாக அந்நியர் ஒருவர் நிறுத்தப்படுவார். குடும்பம் பேசாது விட்டவருக்கும் ஓர் இடம் உண்டு. அதன் அறிவியல் ஆதாரம் மெலிந்தது. அந்நியர் உடலில் எம் முன்னோர் பேசுவர் என்று நாங்கள் நம்பவில்லை. ஆயினும், விடுபட்டவர் யார் என்னும் கேள்வி எங்களை விடவில்லை. பெண்சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான் (நாமக்கல் அப்போது பிரிந்திருக்கவில்லை).

எத்தனை பிள்ளைகள் என்றால் அப்பத்தா, “இருக்கறது நாலு” என்பார். அந்த ‘இருக்கறது’ என்ற சொல்லை வீட்டில் எவரும் தொட்டதில்லை. சென்ற தையில் கேட்டோம். இரண்டு பெண்கள், பெயரிடவில்லையாம். எத்தனையாவதாகப் பிறந்தார்கள் என்றோம். திண்ணையில் இருந்த பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே கையைக் காட்டினார். அப்பா சற்று நகர்ந்து அமர்ந்தார்.