சின்ன இருபத்திரண்டு

குரோமோசோம் பார்க்கிற வேலையில் முதல் சோதனை நுண்ணோக்கியில் இல்லை, ஸ்லைடு போடுவதில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜைச் செல்களை வளர்த்து, அவை பிரியும் நேரத்தில் கோல்செமிட் கொடுத்து நிறுத்தி, நீர்த்த உப்புக் கரைசலில் ஊதவிட்டு, மெத்தனால் கலந்த அசிட்டிக் அமிலத்தில் பதப்படுத்திய பிறகு ஒரு சொட்டு விடுவோம். அது காய்கிற வேகத்தைப் பொறுத்ததுதான் மற்றதெல்லாம். மும்பையின் ஜூலை மழையில் சொட்டு மெல்லக் காயும். செல் அளவுக்கு மீறிப் பரந்து குரோமோசோம்கள் சிதறிவிடும். 46 இருக்க வேண்டிய இடத்தில் 43 தெரிந்தால் அது நோயா, ஈரக்காற்றா? அதனால்தான் வழக்கமாக 20 செல்களைப் பார்க்கிறோம். ஒரே குரோமோசோம் 3 செல்களிலாவது காணாமல் போயிருந்தால்தான் கணக்கில் சேர்ப்போம்.

சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோயில் என் கண் முதலில் போவது 22-ஆவது குரோமோசோமுக்கு. ஜோடியில் ஒன்று குட்டையாக இருக்கும். 1960-இல் பிலடெல்பியாவில் நோவெலும் ஹங்கர்போர்டும் கண்டது இந்தப் 'பிலடெல்பியா குரோமோசோமை'த்தான். 9-உம் 22-உம் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில் பிறக்கும் புரதம், செல்லுக்குப் 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் உத்தரவிடுகிறது. இமாட்டினிப் மாத்திரை அதன் வாயை அடைக்கிறது.

தமிழ்க்காரர்கள் வந்தால் விளக்கிச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். தாராவியிலிருந்து வந்த ஒருவர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று: "அக்கா, இது என் பிள்ளைகளுக்கும் வருமா?" வராது. இந்த மாற்றம் பிறவியில் வந்ததல்ல. மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் பிறகு நேர்ந்தது. கருவணுவில் இல்லாததால் பிள்ளைகளுக்குப் போகாது. மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பத்தையே நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இமாட்டினிப் மாத்திரை ஏழைக்குக் கிடைத்ததில் மும்பைக்கும் சென்னைக்கும் பங்குண்டு. அதற்காக நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனம் கொடுத்த காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. மும்பையின் கேன்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் அதைத் தொடர்ந்த வழக்கில் கடைசிவரை நின்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அப்போது அவர்கள் மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இங்கே தயாரானது 10,000-க்குள்.

இப்போது அந்த ஒட்டு மரபணுவை நேராகத் தேடும் பி.சி.ஆர். சோதனை இருக்கிறதே, ஸ்லைடு எதற்கு என்கிறார்கள். சிகிச்சைக்கு நோய் எப்படிப் பணிகிறது என்று தொடர்ந்து அளக்க அதுதான் சிறந்தது, மறுக்கவில்லை. ஆனால் பி.சி.ஆர். தேடியதை மட்டுமே சொல்லும். கூடுதலாக ஒரு 8, இன்னொரு பிலடெல்பியா, உருமாறிய 17 என்று நோய் முற்றுவதன் அடையாளங்கள், மொத்தக் குரோமோசோம்களையும் வரிசையாக வைத்துப் பார்க்கிற கண்ணுக்குத்தான் படும். நோய் கண்டறியும் நாளில் இதைத் தவிர்க்கிற எந்தச் சிக்கனத்துக்கும் நான் உடன்பட மாட்டேன்.