சத்தமாகச் சொன்ன ஸ்தோத்திரம்

அப்பாவுக்குக் கடன் இருந்த விஷயம் எனக்குத் தெரியவந்தது சாப்பாட்டு ஜெபத்தில்தான். பிள்ளைகளிடம் பணக்கஷ்டம் பேசாத காலம் அது. ராத்திரி சோறு போட்டானதும் அப்பா கண்ணை மூடி, ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, அப்படியே ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பெரியம்மாவின் கால்வீக்கம், மழை காணாத குளம், பம்பாய்க்குப் போய்க் கடிதம் போடாத சித்தப்பா, கட்ட வேண்டிய தவணை. சொல்வது ஆண்டவரிடம், கேட்பது நாங்களும்தான். குழம்பு ஆறிப்போகும். அம்மா தொண்டையைக் கனைத்தால் ஆமென் வந்துவிடும்.

எங்களுக்கு நாசரேத் பக்கம். அசனம் என்றால் அங்கே ஊரே பந்தியில் உட்காரும். இலையில் சோறு விழுந்தும் கை வைக்காமல், சபை ஐயர் ஜெபத்தை முடிக்கிறவரை காத்திருப்போம். தொழில் படித்துவிட்டுப் பிழைக்கப் போவதும் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. மிஷனரி மர்காஷிஸ் ஐயர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நாசரேத்தில் தொழிற்பள்ளி வைத்தவர். 1971இல் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் உருவானது. பின்னால் ஓசூரில் அதன் தொழிற்பேட்டை எழுந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது, எண்பதுகளிலேயே டைட்டனும் வந்தது. ஐடிஐ சான்றிதழோடு வடக்கே பஸ் ஏறியவர்களில் நானும் ஒருத்தன்.

ஆலைக் கேன்டீனில் ஒரே மேஜையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். எதிரே உட்காரும் ஆனேக்கல்காரர் முதல் கவளத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எலத்தகிரிப் பக்கத்து ஆர்.சி. நண்பர் சிலுவை போட்டுக்கொள்வார். நான் கண்ணை மூடித் தலை குனிந்தால், புதிதாகச் சேர்ந்த பையன் "என்னண்ணே, தலைவலியா?" என்பான். புயலில் மாட்டிய கப்பலில், பதினான்கு நாளாகச் சாப்பிடாமல் கிடந்தவர்கள் முன்னால் பவுல் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் செய்ததை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. கப்பலில் மொத்தம் 276 பேர். எங்கள் கேன்டீனிலும் அப்படிச் செய்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அரை மணி நேர இடைவேளைதான் தடுத்தது.

கேன்டீனை நான் குறை சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லும் ஜெபம் வீட்டிலும் போனதுதான் மனதை அறுக்கிறது. ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு ஒருத்தர் விடியுமுன் கிளம்ப, நைட் ஷிப்ட் முடித்து இன்னொருத்தர் வந்து படுக்க, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் மகன் எந்நேரம் திரும்புவானோ தெரியாது. சோறு ஹாட்பாக்ஸில் இருக்கும். வந்தவர் வந்தபடி போட்டுக்கொள்கிறோம். யாரும் ஜெபிக்காமல் கை வைப்பதில்லை. ஆனால் அது மனசுக்குள் முடிந்துவிடுகிறது. நன்றி குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வீட்டில் நன்றிக்கு என்ன குறை? உதட்டுக்கு வராத ஜெபத்தில் பெயர்கள் யார் காதிலும் விழுவதில்லை, அவ்வளவுதான். மகன் வேலை போய்விடுமோ என்று மூன்று மாதமாகக் கலங்கிக்கொண்டிருந்தது எனக்கு வெளியாள் ஒருத்தர் சொல்லித்தான் தெரிந்தது. தட்டுக்கு முன்னால் அவன் அதைச் சொல்லாமலா இருந்திருப்பான்? பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை.

ஷிப்ட் நம் கையில் இல்லை. வார விடுமுறையில் ஒரு வேளையாவது எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். ஜெபத்தை வாய்விட்டுச் செய்யுங்கள், பெயர் சொல்லிச் செய்யுங்கள். பிள்ளைகளையும் செய்யச் சொல்லுங்கள். குழம்பு ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம்.