இரண்டு வயதுப் பிள்ளையோடு ஆஸ்திரேலியாவைச் சுற்றி...

ஆஸ்திரேலியாவில் கரையோரமாகவே ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. பெயர் 'ஹைவே ஒன்'. சிட்னியில் ஏறி, கடலை விட்டு அதிகம் விலகாமல் பிரிஸ்பேன், கெய்ர்ன்ஸ், டார்வின், பெர்த், அடிலெய்டு, மெல்பர்ன் என்று போனால் கண்டத்தையே ஒரு சுற்று சுற்றி மறுபடி சிட்னிக்கே வந்துவிடலாம். மொத்தம் சுமார் 14,500 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு இரண்டு முறை போய்த் திரும்புகிற தூரம்.

இந்தச் சுற்றுக்கு அந்த நாட்டில் ஒரு மரபே உண்டு. ஓய்வு பெற்ற தம்பதிகள் வண்டிக்குப் பின்னால் கேரவனைக் கோத்துக்கொண்டு ஓராண்டு, ஈராண்டு என்று கிளம்பிவிடுவார்கள். (சினிமாக்காரர்களின் கேரவன் அல்ல இது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டியோடு காருக்குப் பின்னால் வருகிற ஒரு சின்ன வீடு.) வேலையில் இருப்பவர்களும் போகிறார்கள். ஒரே இடத்தில் பத்தாண்டு வேலை பார்த்தால் சம்பளத்தோடு இரண்டு மாதம்போல நீண்ட விடுப்பு தரும் சட்டம் அங்கே இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்னால் அந்த விடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிற இளம் பெற்றோர் நிறைய. அதனால்தான் அந்தச் சாலையோர முகாம்களில் கேரவன் கம்பியில் சின்னச் சின்னச் சட்டைகள் காய்வதைப் பார்க்க முடிகிறது.

ஆனால், இரண்டு வயதுப் பிள்ளைக்கு வரைபடம் தெரியாது. உலகப் புகழ்பெற்ற பாறை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும், காலடியில் ஊர்கிற எறும்பைத்தான் அது பார்க்கும். பெரியவர்கள் ஒரே நாளில் 800 கிலோமீட்டர் ஓட்டலாம்; பிள்ளை இருந்தால் 300-ஐத் தாண்டக்கூடாது என்பது அனுபவப்பட்டவர்கள் கணக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி அந்த நாட்டுச் சாலைப் பலகைகளே கெஞ்சுகின்றன. விடுமுறை நாள்களில் தன்னார்வலர்கள் சாலையோரம் கொட்டகை போட்டு, ஓட்டுநர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். சின்ன ஊரில்கூட ஊஞ்சல், சறுக்குமரத்தோடு ஒரு பூங்கா, பெரும்பாலும் பக்கத்திலேயே காசில்லாமல் சமைக்க ஒரு மின் அடுப்பு. பிள்ளைக்குக் கஞ்சியோ பருப்புச் சாதமோ வைத்துக் கொடுக்க அது போதும்.

மடியில் உட்கார வைத்துக்கொண்டு போவது மட்டும் நடக்காது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், அரசு அங்கீகரித்த குழந்தை இருக்கையில் பட்டை மாட்டித்தான் உட்கார வேண்டும் என்பது நாடு முழுக்கச் சட்டம். 'பாட்டி மடியில் தூங்கட்டுமே' என்ற பேச்சுக்கு அங்கே அபராதம்தான் பதில். வாடகைக் கார் எடுப்பவர்கள் இருக்கையையும் சேர்த்து முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

விவசாயிக்கு மட்டும் ஒரு கேள்வி

மகனையோ மகளையோ பார்க்க இங்கிருந்து போகிறவர்களுக்கு, சுற்றுலா விமான நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. இறங்கும்போது நிரப்புகிற படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: கடந்த 30 நாள்களில் வெளிநாட்டில் கிராமப் பகுதியிலோ, கால்நடைகள் பக்கத்திலோ இருந்தீர்களா? தமிழ்நாட்டு விவசாயி இதற்கு 'ஆமாம்' என்றுதான் எழுத வேண்டும். எழுதினால் ஒன்றும் ஆகாது. செருப்பில் சாணமோ மண்ணோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சுத்தம் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். மறைத்தால்தான் வம்பு, அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும்.

காரணம் இல்லாமல் இல்லை. 1872-க்குப் பிறகு அந்த நாட்டில் கோமாரி நோய் கிடையாது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, கம்பளி ஏற்றுமதி எல்லாமே அந்த ஒரு பெயரை நம்பி நடக்கிறது. ஒரு ஜோடி செருப்பு அதைக் கெடுத்துவிடலாம். கூடவே பயணம் செய்கிற பிள்ளைக்கான பால் பவுடர் டின்னைக் காட்டிவிட்டு எடுத்துப் போகலாம். பேரப்பிள்ளை வீட்டுத் தோட்டத்துக்கு என்று கறிவேப்பிலைக் கன்றையும் கத்தரி விதையையும் பெட்டியில் ஒளித்து வைப்பது வேண்டாத வேலை.

மரமில்லாத சமவெளி

இந்தச் சுற்றில் பெற்றோர் அதிகம் பயப்படுவதும், பிறகு அதிகம் பேசுவதும் நல்லர்போர் சமவெளியைத்தான். பெயருக்கே 'மரம் இல்லை' என்று லத்தீனில் அர்த்தம். தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில் தொடங்கி, மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை அந்தச் சாலை 1,600 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஓரிடத்தில் 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. பெட்ரோல் பங்க், சாப்பாடு, படுக்கை எல்லாம் ஒரே இடத்தில் உள்ள சாலையோர விடுதிகளை நம்பித்தான் பயணம். நிலத்தடி நீர் உப்பு என்பதால் குடிநீருக்கு அங்கே மதிப்பு அதிகம். பிள்ளைக்கு என்று தனியாகக் கேன்களில் நிரப்பிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

மேற்கே போகும்போது மாநில எல்லையில் ஒரு சோதனைச் சாவடி. துப்பாக்கியோ சாராயமோ அல்ல, அவர்கள் தேடுவது வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி, விதை, தேன். வண்டியின் பனிப்பெட்டியைத் திறந்து பார்த்து எடுத்துக்கொள்வார்கள். எதிர்த்திசையில் வந்தால் செடுனா என்ற ஊரில் இதே சோதனை. பிள்ளை கையில் வைத்திருக்கும் பழமும் விதிவிலக்கல்ல. அழுதாலும் தர மாட்டார்கள். தெரிந்த பெற்றோர், சாவடிக்கு ஒரு மணி நேரம் முன்னால் மர நிழலுக்குப் பதிலாக வண்டி நிழலில் உட்கார்ந்து, இருக்கிற பழத்தை எல்லாம் தின்று தீர்த்துவிடுகிறார்கள்.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் பழ ஈ. கிழக்கில் குயின்ஸ்லாந்து பழ ஈ, மேற்கில் மத்தியதரைக்கடல் பழ ஈ. ஒன்று மற்றொன்றின் பகுதிக்குப் போய்விடக்கூடாது. நடுவில் இருக்கிற தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் இரண்டுமே வந்துவிடக்கூடாது. மாவிலும் கொய்யாவிலும் பழ ஈயோடு மல்லுக்கட்டுகிற நம்மூர் விவசாயிக்கு இது விளையாட்டாகத் தெரியாது. போர்ட் அகஸ்டாவில் ஓர் ஆய்வுக்கூடம் குயின்ஸ்லாந்து பழ ஈயை லட்சக்கணக்கில் வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்குகிறது. அவற்றைப் பறக்க விட்டால் காட்டு ஈக்களோடு இணை சேரும், முட்டை பொரிக்காது. மருந்து அடிக்காமல் ஈயின் வம்சத்தைக் குறைக்கிற வழி. அப்படியும் ஆரஞ்சுத் தோட்டங்கள் நிறைந்த ரிவர்லாண்ட் பகுதிக்குள் 2020-க்குப் பிறகு ஈ நுழைந்துவிட்டது. பயணி ஒருவர் பையில் வைத்திருக்கும் ஒரு சொத்தைப் பழம் போதும் என்பதால்தான் பிள்ளையின் ஆப்பிளைக்கூடப் பிடுங்குகிறார்கள்.

வழியில் 'ஹெட் ஆஃப் பைட்' என்ற கடற்பாறை உச்சி. குளிர்காலத்தில், ஜூன் முதல் அக்டோபர் வரை, திமிங்கலங்கள் குட்டி போடவும் பால் கொடுக்கவும் அங்கே கரையோரம் வந்து கிடக்கின்றன. பிறக்கும்போதே நான்கைந்து மீட்டர் இருக்கிற குட்டி, தாயை ஒட்டி ஒட்டி நீந்துவதை மேலிருந்து பார்க்கலாம். சிறு பிள்ளைகளும் கண்ணெடுக்காமல் பார்க்கிற அபூர்வமான காட்சி அது. உலுரு பாறையைவிடப் பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும் என்று தாராளமாகச் சொல்லலாம். (உலுருவில் ஏறுவது 2019 அக்டோபரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அனங்கு மக்களுக்கு அது புனித இடம். கீழே சுற்றி நடக்கலாம்.)

நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தால்? நல்லர்போரில் பெற்றோரின் வயிற்றைக் கலக்குகிற கேள்வி இதுதான். சாலையிலேயே சில இடங்களில் பட்டைப் பட்டையாக வெள்ளைக்கோடு போட்டிருக்கிறது. அது விமானம் இறங்குவதற்கான அடையாளம். பறக்கும் டாக்டர் சேவையின் விமானங்கள் அவசரத்துக்குச் சாலையிலேயே இறங்கும்; போலீஸ் இருபுறமும் வண்டிகளை நிறுத்திவிடும்.

ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் 1928-ல் குயின்ஸ்லாந்தின் குளோன்கரி என்ற ஊரில் தொடங்கிய சேவை இது. டாக்டரிடம் விமானம் இருந்தது; ஆனால், பண்ணையில் இருப்பவர் டாக்டரைக் கூப்பிடுவது எப்படி? மின்சாரமும் கிடையாது, தொலைபேசியும் கிடையாது. ஆல்ஃபிரெட் டிரேகர் என்பவர் சைக்கிள்போலப் பெடலை மிதித்தால் மின்சாரம் உண்டாக்கி ஓடுகிற ரேடியோவைச் செய்து கொடுத்தார். தொலைதூரப் பண்ணைகளில் இந்தச் சேவையின் மருந்துப் பெட்டி இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். டாக்டர் போனில் கேட்டுவிட்டு, 'இன்ன எண் மருந்தை இவ்வளவு கொடுங்கள்' என்பார். வலிக்கிற இடத்தைச் சொல்லவும் எண் போட்ட உடல் படம் ஒன்று உண்டு. பேசத் தெரியாத பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்பதை அம்மா தொட்டுப் பார்த்து எண்ணாகச் சொல்லிவிடலாம்.

இருந்தாலும் விமானம் வரும்வரை நேரம் ஆகும். காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வெப்பமானி மூன்றும் பெட்டியின் அடியில் அல்ல, கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பல இடங்களில் கைப்பேசி சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் போனை வாடகைக்கு எடுத்துப் போவது வீண் செலவு அல்ல. இங்கிருந்து போகிறவர்கள் மருத்துவக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறவே கூடாது. வண்டி பழுதானால் அதை விட்டுவிட்டு நடக்கவும் கூடாது. தேடி வருபவர்கள் கண்ணுக்கு ஆளைவிட வண்டிதான் முதலில் படும்.

வாழைத் தோட்டமும் தேரையும்

வடக்கே போக மே முதல் செப்டம்பர் வரைதான் ஏற்ற காலம். மற்ற மாதங்களில் மழை, புயல், புழுக்கம். கோடையில் கடலில் பெட்டி ஜெல்லி மீன் வரும். அது தீண்டினால் பெரியவர்களின் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆற்றோரமும் கழிமுகமும் முதலைகளின் இடம். எவ்வளவு அழகான மணல் திட்டாக இருந்தாலும் எச்சரிக்கைப் பலகை இருந்தால் பிள்ளையை இறக்கி விடக்கூடாது. முகாம்களில் உள்ள நீச்சல் குளமே போதும்.

டல்லி, இன்னிஸ்ஃபெயில் பகுதிக்கு வந்தால் தேனி மாவட்டத்துக்குள் நுழைந்ததுபோல இருக்கும். கண்ணெட்டும் தூரம் வாழை. பெரும்பாலும் கேவண்டிஷ் ரகம். தோட்ட வாசலில் சீப்புகளை அடுக்கி, பக்கத்தில் ஓர் உண்டியலை வைத்திருப்பார்கள். காவலுக்கு ஆள் கிடையாது. விலையைப் போட்டுவிட்டு எடுத்துப் போகலாம். எல்லையில் பழத்தைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இங்கே கொண்டாட்டம்.

ஆனால், தோட்டத்துக்குள் நுழைய முடியாது. 2015-ல் டல்லி பள்ளத்தாக்கில் டி.ஆர்.4 என்ற பனாமா வாடல் நோய் தென்பட்டது. இந்தியாவில் பீகார், உத்தரப் பிரதேச வாழைகளைத் தாக்கியதும் இதே பூசணம்தான். மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும், மருந்து கிடையாது. டயரிலும் செருப்பிலும் ஒட்டுகிற மண்தான் அதற்கு வாகனம். அதனால் தோட்டங்களைச் சுற்றி வேலி, வாசலில் வண்டி கழுவும் இடம், வேலையாட்களுக்குத் தோட்டத்துக்குள் மட்டும் போட்டுக்கொள்ள தனி பூட்ஸ். 2006-ல் லாரி புயலும் 2011-ல் யாசி புயலும் வந்து வாழையைச் சாய்த்தன. சாய்ந்த வாழைக்குப் பக்கக் கன்று வந்தது. வாடல் நோய் வந்த நிலத்தில் அந்த வாய்ப்பும் இல்லை.

பக்கத்திலேயே கரும்பு. வேர்ப்புழுவாகக் கரும்பை அழித்த வண்டுகளைத் தின்னட்டும் என்று 1935-ல் ஹவாயிலிருந்து நூறு சொச்சம் தேரைகளைக் கொண்டுவந்தார்கள். வண்டு கரும்பின் உச்சியில், புழு மண்ணுக்கடியில். தரையில் தாவுகிற தேரைக்கு இரண்டுமே எட்டவில்லை. தேரை மட்டும் கோடிக்கணக்கில் பெருகி, 2009 வாக்கில் மேற்கு ஆஸ்திரேலியா எல்லையையே தாண்டிவிட்டது. அதன் தோளில் உள்ள சுரப்பிகளில் விஷம். கடித்த நாய் செத்தும் போகலாம். இரவில் முகாம் விளக்கடியில் குண்டாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பிள்ளை தடவப் போனால் தூக்கிவிட வேண்டும்.

கரையை விட்டு உள்நாட்டுக்குள் திரும்புகிறவர்கள் பார்க்க வேண்டியது அங்குள்ள போர்வெல். நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு அடியில் பெரிய ஆர்ட்டீசியன் நீர்ப்படுகை பரந்து கிடக்கிறது. மோட்டார் வேண்டாம், துளையிட்டால் தண்ணீர் தானாகப் பீறிட்டு வரும், பல இடங்களில் கொதிக்கக் கொதிக்க. 1878 முதல் துளை போட்டு, திறந்த வாய்க்காலில் மைல் கணக்கில் ஓட விட்டார்கள். பெரும்பகுதி ஆவியாகவும் மண்ணுக்குள்ளும் போய், மாடு குடித்தது கொஞ்சம்தான். அழுத்தம் குறைந்தது, பல ஊற்றுகள் வற்றின. 1999-லிருந்து அரசுகளும் பண்ணைக்காரர்களும் செலவைப் பகிர்ந்துகொண்டு போர்வெல்லுக்கு மூடியும் வால்வும் போட்டு, வாய்க்காலுக்குப் பதில் குழாய் பதித்து வருகிறார்கள். சில இடங்களில் அழுத்தம் மறுபடி ஏறியிருக்கிறது.

அந்த வெந்நீரில் குளிக்கச் சில ஊர்களில் குளம் கட்டி விட்டிருக்கிறார்கள். நாளெல்லாம் வண்டி ஓட்டிய முதுகுக்கு அது சுகம். இரண்டு வயதுப் பிள்ளையைக் கழுத்தளவு இறக்க அந்தச் சூடு ஆகாது. ஒரு வாளியில் பிடித்து ஆறவைத்து ஊற்றினால், செம்மண் புழுதி எல்லாம் போய் அன்றிரவு நன்றாகத் தூங்கும்.