தூய நீரும் தீங்கற்ற நீரும்



ஃபிக்ஹு நூல்களைத் திறந்தால் முதலில் வருவது தொழுகை அன்று, தண்ணீர். எந்த நீரால் ஒளுச் செய்யலாம், எந்த நீரால் கூடாது என்பதைக் கற்ற பின்னரே மாணவன் தொழுகையின் பாடத்திற்குச் செல்கிறான். கம்பம் பள்ளத்தாக்கில் மதரஸா ஆசிரியராக இருக்கும் நான் ஆண்டுதோறும் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். நம் பகுதி ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவை. பத்து முழ நீளமும் பத்து முழ அகலமும் கொண்ட ஹவுளில் அசுத்தம் விழுந்தாலும், நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்று மாறாதவரை அந்த நீர் தூய்மையானதே என்பது நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கும் சட்டம்.

இந்தச் சட்டத்தின் அருகில் வைத்துக் கற்க வேண்டிய இன்னொரு கல்வியும் உண்டு என்பதை என் அக்காள் மகள் வழியாக அறிந்தேன். அவள் இளங்கலை வேதியியல் முடித்தவள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவின் பயனாக, எந்தப் பட்டம் படிப்பவரும் சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு தாளாவது படிக்க வேண்டும் என்ற நிலை வந்தது. பலர் தேர்வுக்கு முதல் நாள் மட்டும் புரட்டும் அந்தத் தாள்தான் அவள் மனத்தைப் பிடித்துக்கொண்டது. "மாமா, நான் முதுகலையில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க வேண்டும். அத்தாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும்" என்று என்னிடம் வந்து நின்றாள்.

மச்சான் திராட்சை விவசாயி. அவர் கேட்டவை நம் வீடுகளில் எல்லாத் தந்தையரும் கேட்பவைதாம். வெளியூர் விடுதியில் பெண் பிள்ளை எப்படித் தங்குவாள்? படித்தால் என்ன வேலை கிடைக்கும்? பி.எட். முடித்தால் பள்ளிக்கூட வேலையாவது கிடைக்குமே?

நான் விசாரித்து அறிந்ததை அவரிடம் சொன்னேன். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் இத்துறை உண்டு. வெளியூர் செல்ல இயலாதவர்கள் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகவும் படிக்கலாம். இரண்டு ஆண்டுப் படிப்பு. நீர், காற்று, மண் ஆகியவற்றின் வேதியியல், நுண்ணுயிரியல், சூழலியல், புள்ளியியல் ஆகியவற்றோடு 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றையும் கற்பிக்கிறார்கள். இறுதியில் மாணவர் தாமே ஓர் ஆய்வு செய்து அறிக்கை எழுத வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பரிசோதனைக் கூடங்கள், தொழிற்சாலைகளின் கழிவுநீர்ப் பிரிவு ஆகிய இடங்களில் வேலைக்கு வழியுண்டு. நெட் தேர்வில் வென்றால் கல்லூரி ஆசிரியராகலாம். மருத்துவம், பொறியியல் போல இடங்கள் மிகுதி என்று நான் சொல்லவில்லை. இல்லாததைச் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்புவது அமானிதத்திற்கு ஏற்றதன்று.

ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொன்னேன். 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா நூலில், மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவாகக் கொள்கிறார்கள். ஊரில் எவருமே கற்கவில்லை என்றால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். தேவையை நிறைவேற்றும் அளவுக்குச் சிலர் கற்றுவிட்டால் மற்றவர் பொறுப்பு நீங்கும். ஊரில் முஸ்லிம் மருத்துவர் இல்லாதிருக்க, எல்லோரும் ஃபிக்ஹு படிக்கவே முண்டியடிக்கிறார்களே என்று அவர்கள் தம் காலத்தவரைக் கண்டித்ததும் உண்டு. மார்க்கக் கல்வியைத் தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றவர்கள் அடிக்கடி படிக்க வேண்டிய பகுதி அது. இன்று நம் ஊர்களில் மருத்துவர்கள் இருக்கிறார்கள்; பொறியாளர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். நம் கிணற்று நீரைப் பரிசோதித்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்?

இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிட நமக்கு நெருக்கமானது. 1895ஆம் ஆண்டில் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். அந்த நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. ஆண்டு முழுவதும் காய்க்கும் நம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. நீரைக் கொண்டுவந்தது பொறியியல். வந்த நீரைக் கெடாமல் காப்பதற்கும் கல்வி வேண்டும் அல்லவா?

மச்சான் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "விடுதியை நானே நேரில் வந்து பார்ப்பேன்" என்றார். அதுவே சம்மதம்.

இரண்டாம் ஆண்டில் அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு, திராட்சைத் தோட்டங்களைச் சுற்றியுள்ள கிணறுகளில் நைட்ரேட்டின் அளவு. விடுமுறையில் அவள் நீர் எடுக்கும் முறையைக் கவனித்தேன். எந்தக் கிணறு, எந்த நாள், எந்த நேரம், எடுத்தவர் யார், எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போனது என ஒவ்வொரு குப்பிக்கும் குறிப்பு எழுதினாள். குறிப்பு விடுபட்ட குப்பியைக் கீழே கொட்டினாள். அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் விடுபட்டால் ஹதீஸைப் பலவீனமானது என ஒதுக்கும் முஹத்திஸ்களின் பேணுதல் என் நினைவுக்கு வந்தது.

வயலுக்கு இடும் யூரியாவை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பயிர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது பாசன நீரோடு நிலத்தடிக்கு இறங்குகிறது. கழிப்பறைத் தொட்டிகளும் சாணக் குழிகளும் அதனோடு சேர்கின்றன. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை மட்டுமே நைட்ரேட் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மிஞ்சிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உடல் நீலம் பூக்கும். காய்ச்சினாலும் நைட்ரேட் நீங்காது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். நிறம், சுவை, மணம் மூன்றிலும் அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

மச்சானின் தோட்டத்துக் கிணறும் அந்த அளவைத் தாண்டியிருந்தது. அவருடைய மூத்த மகள் அப்போது பிரசவத்திற்கு வந்திருந்தாள்.

குழந்தைக்கு அன்றே வேறு தண்ணீர் வந்துவிட்டது. சிக்கல் அதற்குப் பிறகுதான். "இது வீட்டோடு இருக்கட்டும். வெளியே தெரிந்தால் நம் பழத்தை யார் வாங்குவார்?" என்றார் மச்சான். "பழத்தைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை அத்தா. ஆனால் வேலைக்கு வருகிற அக்காமார்களும் இதே தண்ணீரைத்தானே வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்?" என்றாள் மகள். தனக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். பலமுறை ஜும்ஆவில் கேட்ட வசனம்தான். அன்று அது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

இரண்டு நாள் தந்தையும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மை வைத்து, ஊர்க் குழாய்த் தண்ணீரை நிரப்பி, கிணற்று நீரை ஏன் குடிக்கக் கூடாது என்பதை வேலையாட்களிடம் மச்சானே சொன்னார். பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். மற்றொருவர் குப்பியில் தம் கிணற்று நீரோடு வந்தார். உரத்தைப் பற்றி மச்சான் இன்னும் முடிவு சொல்லவில்லை. "இந்தப் போகம் குறைத்துப் பார்க்கிறேன்" என்கிறார்.

அந்தக் கிணற்றில் ஒளுச் செய்தால் கூடுமா என்று ஒரு மாணவன் கேட்டான். கூடும். அந்த நீர் மார்க்கச் சட்டப்படி தூய்மையானது. ஆனால் தூய்மையானது என்பது ஒரு தீர்ப்பு. தீங்கற்றது என்பது வேறொரு தீர்ப்பு. முன்னதை நம் கிதாபுகள் சொல்லும். பின்னதை அதற்குரிய கல்வியைக் கற்றவரிடம் கேட்க வேண்டும். தானும் தீங்குறாமல் பிறருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்வது மார்க்கத்தின் அடிப்படை விதி என்பதால், அவரிடம் கேட்பதும் மார்க்கமே. இப்போது தண்ணீரின் பாடத்தை நடத்தும்போது இந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெற்றோர்களே, உங்கள் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். உங்கள் மகனோ மகளோ இந்தக் கல்வியைக் கேட்டால், வேலை எங்கே என்ற கேள்வியோடு, ஊருக்கு இது தேவையா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். ஊரின் கடமையைத் தன் தோளில் ஏற்க முன்வரும் பிள்ளைக்கு வழிவிடுவதும் நன்மைதான்.

பயனுள்ள கல்வியையும், அக்கல்வி காட்டும் உண்மையை ஏற்கும் மனத்தையும் வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.