தீவகத்தின் நிலமும் தும்பும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் இன்றைக்கும் ஒரே வளவினுள் மூன்று தலைமுறையின் நிலங்களைக் காணலாம்: அடுக்களைப் புறத்திலே சாணம் மெழுகிய மண் நிலம், விறாந்தையிலே பாட்டன் காலத்தில் சிவப்புத் தூள் தூவி மினுக்கிய சீமெந்து நிலம், நடு மண்டபத்திலே கடல் கடந்த பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் பதித்த மாபிள் நிலம். இம்மூன்றுக்கும் கடையில் அகப்பட்ட ஏதோவொரு கருவியையே பிரயோகிக்கும் வழக்கம் பெருகிவருவதைக் கண்டு எழுந்த விசாரமே, விளக்குமாறு கட்டுவோரை நாடி என்னை நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்றது.

பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானை அடைந்து, அங்கிருந்து படகேறி இறங்கினால், சாந்து பூசாது பவளக் கற்களை அடுக்கிய மதில்களும் அவற்றின் பின்னே பனங்கூடல்களுமே முதலில் தோன்றும். அத்தகைய மதிலொன்றின் நிழலில், முதிய தாயொருவர் மகளோடும் மருமகளோடும் அமர்ந்து ஈர்க்கு வாரிக்கொண்டிருந்தார். கிடுகு பின்ன உதவாத தென்னோலையைக் கத்தியால் வகிர்ந்து ஈர்க்கை உருவி, வெயிலில் உலர்த்தி, அடிப்பாகத்தை நிலத்திலே தட்டித் தட்டி ஒருமட்டமாக்கி, நைலோன் கயிற்றால் இறுக்கிய பின், நடுவிலே கூரான கம்பொன்றை அறைந்து இறக்குகிறார்கள். கம்பு உட்செல்லச் செல்லக் கட்டு தானே இறுகுகிறது. ஆணியோ பசையோ வேண்டுவதில்லை.

“வீட்டுக்குள்ளயும் இதாலதானே கூட்டலாம், அம்மா?” என்று கேட்டேன்.

“கூடாது தம்பி. இது முத்தத்துக்கு. உள்ளுக்குக் கொண்டு போனா பெரிய குப்பை போகும், தூசி அப்பிடியே கிடக்கும். உள்ளுக்குத் தும்புத்தடிதான் சரி. தும்புத்தடியை முத்தத்தில போட்டா மண்ணுக்குள்ள புதைஞ்சு, ரெண்டு கிழமையில தேஞ்சுபோம்” என்றார்.

தடித்து விறைத்த ஈர்க்கு சருகையும் கல்லையும் தள்ளும். மெல்லியதாய் வளைந்து கொடுக்கும் தேங்காய்த் தும்போ நிலத்தோடு ஒட்டிச் சென்று பொடி மணலை வாரும். கருவியைத் தெரிவுசெய்யும் சாஸ்திரத்தில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது பொருள் பனந்தும்பு. பனையின் கங்குமட்டையை நீரிலே ஊறவைத்து, பொல்லால் அடித்துச் சதையை நீக்கி, ஆணிகள் அடித்த பலகையிலே சீவி, கம்பி போன்ற நாரைப் பிரித்தெடுக்கிறார்கள். நனைந்தாலும் எளிதில் துவளாத இந்நாரின் குணத்தை மேனாட்டுத் தூரிகைத் தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தமையால், இலங்கையிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் அது கப்பலேறிற்று. கிணற்றுக் கட்டிலும் குளியலறையிலும் பாசி தேய்க்க இதனிலும் உத்தமமான பொருளை நான் கண்டதில்லை. பனைத் தொழில்களுக்கென்றே 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டிருந்தும், நான் சென்ற வளவுகளில் பெரும்பாலான கங்குமட்டைகள் அடுப்புக்கே போய்க்கொண்டிருந்தன. அடித்துச் சீவும் உழைப்புக்கு ஏற்ற விலை கிடைக்காதபோது அத்தாய்மாரை நோவதில் நியாயமில்லை. மலிவான பிளாஸ்டிக் தூரிகையோடு பேரம்பேசி அவர்களுடைய கூலியைக் குறைக்கும் நாமே நோவுதற்குரியவர்கள்.

மாபிள் நிலம் வந்த வீடுகளில் விளக்குமாற்றை ஒதுக்கிவிட்டு, ஈரத் துணியை மட்டும் நம்பியிருக்கிறார்கள். இது பெருந்தவறு. மணலில் கலந்த படிகத் துகளின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. உண்மையான சலவைக் கல்லின் கடினம் 3 மாத்திரமே. மெருகேற்றிய சீமெந்தும் அத்துகளுக்கு ஈடுகொடுக்க வல்லதன்று. மணல் கிடக்க ஈரத் துணியை இழுத்தால், துணியிலே சிக்கிய ஒவ்வொரு துகளும் உளியாகிவிடுகிறது. முதலில் மென்மையான தும்பால் உலரக் கூட்டி, அதன்பின் நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பதே முறை. நன்னீர் அருமையாகவும் கிணறுகள் பல உவராகவும் உள்ள தீவுகளில், பிழியாத துணி விட்டுச்செல்லும் நீர் காய்ந்து வெள்ளைப் படலமாகப் படிவதும் உண்டு. அதை நீக்க அமிலத்தை ஊற்றுவோர், சீமெந்தையும் சுண்ணாம்பையும் சலவைக் கல்லையும் அமிலம் அரித்துவிடும் என்பதை அறிந்துகொள்ளுதல் அவசியம். நுண்ணிழைத் துணி வாங்க வசதியுள்ளோர் தாராளமாக வாங்கலாம். சிறிது நீரிலேயே அது அழுக்கைப் பற்றிக்கொள்ளும். ஆனால் அதுவும் கூட்டிய பிறகு வரவேண்டிய கருவியே.

நயினாதீவிலே, ஆனி மாத மகோற்சவத்துக்குத் திரளும் அடியார்களின் பாதங்கள் நாகபூஷணி அம்மன் கோயிலுக்குள் கொண்டுவரும் மணலைத் தொண்டர்கள் எவ்வாறு அகற்றுகிறார்கள் என்பதையும் கவனித்தேன். நீர் ஊற்றிக் கழுவுமுன் மண்டபம் முழுவதையும் உலரக் கூட்டி முடிக்கிறார்கள்; எவ்வளவு அவசரமாயினும் அந்த ஒழுங்கை மாற்றுவதில்லை.

நெடுந்தீவுத் தாயிடம் நான் வாங்கிய விளக்குமாற்றுக்குப் பூவரசங் கம்பைப் பொருத்துமுன், “யாருக்குத் தம்பி, உமக்கோ வீட்டுக்காரிக்கோ?” என்று கேட்டார். வீட்டில் இருவரும் கூட்டுவோம் என்றதும் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, கம்பை என் தோளோடு வைத்து அளந்து, மனைவி எவ்வளவு உயரம் என்று கையால் காட்டச் செய்தார். குட்டையான கம்பு முதுகை முறிக்கும், நெடிய கம்பை ஒருவாறு தாழப் பிடித்துக்கொள்ளலாம் என்று விளக்கி, என் உயரத்துக்கே வெட்டிக் கொடுத்தார்.